கிம்ப் 3 கம்பைல் செய்யப்போய் பழைய கிம்ப்பும் போனால்: கருவி வேறு, லைப்ரரி வேறு

ஒலுவில் கெம்பஸில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது சுருக்கமாக இதுதான். லெப்டொப்பில் உபுண்டு 22.04, ரேம் 8 ஜிபி. படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 3-இன் தமிழ் மெனுக்களில் கண்ணில் பட்ட பிழைகளைத் திருத்த ஆசைப்பட்டு, அதன் சோர்ஸ் (மூல நிரல்) எடுத்துக் கம்பைல் செய்யப் (ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டப்) பார்த்தார். கிம்ப் தன் நிற, பட வேலைகளுக்குப் பாவிக்கும் லைப்ரரிகளான (மென்பொருள்கள் பகிர்ந்து பாவிக்கும் நிரல் தொகுப்புகள்) பாபல், ஜெகல் இரண்டும் பழையவை என்று, கட்டுவதற்கு ஏற்பாடு செய்யும் கருவியான மெசன் நிறுத்திவிட்டது. அவற்றைச் சோர்ஸிலிருந்து தன் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே கட்டிப் போட்டார், ஆனாலும் மெசன் பழைய பதிப்பையே காட்டியது. யாரோ சொன்னார்கள் என்று கடைசியில் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு, சிஸ்டத்தின் யூஸ்ஆர்-லோக்கல் ஃபோல்டருக்குள் இன்ஸ்டால் செய்தார். மெசன் இப்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் கல்முனையில் மச்சானின் பேனர் கடை வேலைக்கு அவர் பாவிக்கிற கிம்ப் 2.10 திறக்க மாட்டேன் என்கிறது. "ஜெகல் ஆபரேஷன் மிஸ்ஸிங்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

தம்பி, முதலில் கடை வேலை ஓடட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். போனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுவதால் கட்டளைகளை உச்சரிப்பிலேயே தருகிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஜெகல், பாபல் கட்டிய பில்ட் ஃபோல்டர்களை அழித்துவிடவில்லை என்றால் வேலை சுலபம். நிஞ்ஜா என்பது மெசன் போட்ட திட்டப்படி கட்டும் கருவி, ஒவ்வொன்றுக்குள்ளும் போய் "சூடோ நிஞ்ஜா அன்இன்ஸ்டால்". மெசன் தான் எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்பதை அந்த பில்ட் ஃபோல்டருக்குள் ஒரு லாக்கில் எழுதி வைத்திருக்கும், அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கும். ஃபோல்டரை அழித்துவிட்டீர்களா? அப்படியென்றால் அதே பதிப்பின் டார் கோப்பை (சோர்ஸ் பொதியை) விரித்து, அதே ஆப்ஷன்களோடு மறுபடி இன்ஸ்டால் செய்து உடனே அன்இன்ஸ்டால் செய்யலாம், சுற்றுவழிதான் ஆனால் சுத்தமாக முடியும். பிறகு "சூடோ எல்டிகான்ஃபிக்" ஒரு தடவை. இதை மறந்தால் நீக்கிய லைப்ரரியின் நினைப்பு சிஸ்டத்தின் பட்டியலில் அப்படியே இருக்கும். கடைசியாக கிம்ப்பின் இயங்கு கோப்புக்கு "எல்டிடி" கட்டளை கொடுத்துப் பாருங்கள், எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று அது காட்டும். லிப்ஜெகல் என்று தொடங்கும் வரிக்கு எதிரே யூஸ்ஆர்-லோக்கல் என்று பாதை வந்தால் இன்னும் மிச்சம் கிடக்கிறது. வெறும் லிப் ஃபோல்டரைக் காட்டினால் பழைய நிலைக்கு வந்துவிட்டது. யூஸ்ஆர்-லோக்கல்-லிப்புக்குள் உபுண்டு தன்பாட்டில் லிப்ஜெகல், லிப்பாபல் எதையும் கொண்டுபோய் வைக்காது, அங்கே அந்தப் பெயரில் என்ன கிடந்தாலும் நீங்கள் வைத்ததுதான், பயப்படாமல் எடுக்கலாம்.

ஏன் இப்படி ஆனது என்றால், புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடும் வரிசையில் உபுண்டுவில் யூஸ்ஆர்-லோக்கல் முன்னுக்கு நிற்கிறது. நீங்கள் போட்ட புதிய ஜெகலும் உபுண்டுவின் பழைய ஜெகலும் ஒரே கோப்புப் பெயரைத்தான் தாங்குகின்றன. ஆக 2.10-உம் அறியாமல் உங்களுடையதைத் தூக்கிக்கொண்டது. உங்களுடையதோ தேவையான துணை லைப்ரரிகள் சில இல்லாமல் கட்டப்பட்டது. கட்டும்போது மெசன் அதைப் பற்றிக் கோபப்படாது, "இல்லை, சரி, அந்த ஆபரேஷனை விட்டுவிடுகிறேன்" என்று சுருக்கத்தில் ஒரு வரியோடு போய்விடும். கிம்ப் திறக்கும்போது தனக்கு வேண்டிய ஆபரேஷன்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. ஒன்று குறைந்தாலும் அந்தப் பெட்டிதான்.

சரி, இனி முக்கியமான விஷயம். என்பிஎம், பிப் (ஜாவாஸ்கிரிப்ட், பைதன் லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவிகள்) என்று பழகியவர்களுக்கு டெஸ்க்டொப் மென்பொருள் கம்பைல் செய்வது எரிச்சலூட்டுவதற்கு முக்கிய காரணம், அங்கே பொதுக் களஞ்சியம் ஒன்றிலிருந்து இறக்கி, ஒவ்வொரு புரொஜெக்டும் தன் டிபென்டன்சிகளை (தனக்குத் தேவையான மற்ற மென்பொருள்களை) பெரும்பாலும் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். சி, சி பிளஸ் பிளஸ் உலகத்தில் எல்லோரும் பாவிக்கிற அப்படி ஒரு பொதுக் களஞ்சியம் இல்லை. உங்கள் டிஸ்ட்ரோவே (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) களஞ்சியம். அதிலுள்ள ஜிலிப் (அடிப்படை லைப்ரரி), ஜிடிகே (ஜன்னல், மெனு வரையும் லைப்ரரி), ஜெகல் எல்லாம் உங்கள் கம்பைலுக்கு மட்டும் சொந்தமில்லை, அவற்றைப் பாவிக்கிற அத்தனைக்கும் பொது. ஆகவே ஒரு டிபென்டன்சி குறைகிறது என்றால் முதலில் கேட்கவேண்டியது, இது கருவியா லைப்ரரியா என்பது.

மெசன், நிஞ்ஜா, சிமேக் (மெசன் போன்ற இன்னொன்று), கம்பைலர், இவை கருவிகள். கட்டி முடித்ததும் விலகிவிடும், முடிந்த மென்பொருளுக்குள் இவை இல்லை. எனவே இவற்றில் புதிய பதிப்பு வேண்டுமென்றால் தயக்கமே வேண்டாம். உபுண்டு 22.04-இல் மெசன் 0.61 தான் இருக்கிறது, சில புரொஜெக்டுகள் அதை ஏற்காது. பைதனில் ஒரு வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனி ஃபோல்டர்) உருவாக்கி அதற்குள் பிப் மூலம் மெசன், நிஞ்ஜா போட்டுக்கொள்ளுங்கள், ஒரு சில எம்பி வேலை. புதிய உபுண்டுவிலும், டெபியன் 12 முதற்கொண்டும் வென்வ் இல்லாமல் பிப் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்" என்று மறித்துவிடும். அதை உடைக்கிற ஆப்ஷனைத் தேடாதீர்கள், அது நல்லதற்குத்தான் மறிக்கிறது. கருவி புதிதாக இருப்பதாலும் சில நேரம் தொல்லை வரும். 2025-இல் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்திய சிமேக்குக்காக எழுதிய புரொஜெக்டுகளைக் கையில் எடுக்காது. பழைய சோர்ஸ் ஒன்றைக் கட்டும்போது முதல் வரியிலேயே சிமேக் பதிப்பைப் பற்றி முறையிட்டால் காரணம் அதுதான், குறைந்தபட்சக் கொள்கைப் பதிப்பை 3.5 என்று கட்டளையில் சொல்லிவிட்டால் அனேகமாகப் போய்விடும்.

லைப்ரரி அப்படியில்லை. அது மென்பொருளோடு கூடவே ஓடுவது. பாபல், ஜெகல் போன்றவற்றைத் தனி ஃபோல்டரில் கட்டி வைத்துச் சமாளிக்கலாம். ஜிலிப், ஜிடிகே அளவுக்குப் போனால் என் அபிப்பிராயம், கட்டவே வேண்டாம். புதிய ஜிலிப்பைச் சூடோவோடு போட்டு, மறுநாள் லொகின் திரையே வராமல் நிற்கும் கதைகள் நிறைய.

உங்கள் முதல் முயற்சி சரியான பாதைதான், ஹோமுக்குள் போட்டது. அது ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எல்லோரையும் ஒரு நாள் கடிக்கும். மெசனுக்கு லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்வது பிகேஜி-கான்ஃபிக். அது .பிசி என்று முடியும் சின்ன எழுத்துக் கோப்புகளைத் தேடிப் படிக்கும், ஜெகலுக்கு "ஜெகல்-0.4.பிசி". திறந்து பாருங்கள், பத்துப் பதினைந்து வரிகள்: எங்கே இன்ஸ்டால் ஆனது, பதிப்பு என்ன, கூடவே எது வேண்டும். உங்கள் ஃபோல்டரையும் தேடு என்று சொல்ல "பிகேஜி-கான்ஃபிக்-பாத்" என்ற சூழல் மாறியில் (டெர்மினலில் வைத்தால் அங்கே ஓடும் கட்டளைகள் படிக்கும் மதிப்பு) பாதை கொடுத்திருப்பீர்கள், அதில் லிப் ஃபோல்டருக்குள் பிகேஜிகான்ஃபிக் என்றுதான் எழுதியிருப்பீர்கள், எல்லா வழிகாட்டியிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் டெபியன், உபுண்டுவில் மெசன், லிப்புக்குள் எக்ஸ்86-64-லினக்ஸ்-க்னூ என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு அதற்குள் கொண்டுபோய் வைக்கும். நீங்கள் காட்டிய கதவு ஒன்று, அது வைத்த அறை இன்னொன்று. இரண்டு வழி உண்டு: அந்த நீளமான பாதையையே கொடுக்கலாம், அல்லது மெசன் செட்டப் செய்யும்போதே லிப்டிர் என்ற ஆப்ஷனுக்கு வெறும் லிப் என்று கொடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

இதைத் திருத்திவிட்டு அதே பில்ட் ஃபோல்டரில் மறுபடி ஓட்டினாலும் சிலருக்குப் பழைய விடையே வரும். முதல் தடவை செட்டப் செய்யும்போது இருந்த சூழல் மாறிகளைத்தான் மெசன் பிடித்து வைத்திருக்கிறது, பிறகு மாற்றியதைக் கவனிக்காது. பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள், அதில் இழக்க ஒன்றுமில்லை. பிறகு "பிகேஜி-கான்ஃபிக் --மொட்வெர்ஷன் ஜெகல்-0.4" என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிப்பு நீங்கள் கட்டியது என்று தெரிந்த பிறகு மட்டும் மெசனுக்குப் போங்கள். தேடல் பிழையா, பதிப்புப் பிழையா என்பதை மெசன் லாக்கும் தெளிவாகச் சொல்லும்: வெறுமனே "ஃபவுண்ட்: நோ" என்றால் .பிசி கோப்பே கிடைக்கவில்லை. "இது கிடைத்தது, ஆனால் இது வேண்டும்" என்று இரண்டு எண்கள் வந்தால் கிடைத்தது, பழையது. முதலாவதுக்கு மருந்து பெரும்பாலும் டெவ் என்று முடியும் பேக்கேஜ். மென்பொருளை ஓட்ட லைப்ரரி போதும், கட்டுவதற்கு ஹெடரும் (லைப்ரரியில் என்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) .பிசி கோப்பும் வேண்டும், டெபியன் குடும்பம் அவற்றைப் பிரித்து டெவ் பேக்கேஜில் வைக்கிறது. பெயர் ஊகிக்க முடியாதபோது "ஆப்ட்-ஃபைல் சர்ச்" கொடுத்து அந்த .பிசி கோப்பின் பெயரைத் தேடினால் எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று வந்துவிடும். கிம்ப்பில் இதற்கு நல்ல உதாரணம் மைபெயின்ட் தூரிகைகள்: அது கேட்பது 1.0 வரிசை, புதியதுதானே நல்லது என்று 2.0-ஐக் கட்டிப் போட்டால் இன்னமும் "இல்லை" என்றுதான் சொல்லும்.

கட்டி முடித்ததை ஓட்டும்போது, லைப்ரரி தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி-லைப்ரரி-பாத் என்ற சூழல் மாறியும் தேவைப்படும். ஜெகலின் இன்ட்ரோஸ்பெக்ஷன் கோப்புகளுக்காக (மற்ற மொழிகளிலிருந்து ஜெகலை அழைக்க உதவும் விவரக் கோப்புகள்) ஜிஐ-டைப்லிப்-பாத், எக்ஸ்டிஜி-டேட்டா-டிர்ஸ் இரண்டும் கட்டும்போதே வேண்டும். இவற்றை ஒரு சின்ன ஷெல் கோப்பில் எழுதி, வேலை செய்யும் டெர்மினலில் மட்டும் ஏற்றுங்கள். பாஷ்ஆர்சியில் ஒருபோதும் வேண்டாம். அதில் போட்டால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டெர்மினலிலும் ஓடுவதெல்லாம் உங்கள் ஜெகலைத் தூக்கும், யூஸ்ஆர்-லோக்கலில் நடந்த அதே கூத்து மறுபடி.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் 22.04-இல் இதைச் செய்யவே மாட்டேன். கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். 22.04-இல் இருக்கும் லைப்ரரிகள் அதற்கு மூன்று வருடம் மூத்தவை, ஜெகலைச் சரிசெய்தால் அடுத்ததாக ஒன்று நிற்கும், அதைச் சரிசெய்தால் இன்னொன்று. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் கிம்ப் 3.0 ஏற்கனவே பேக்கேஜாக இருக்கிறது, அதன் அர்த்தம் அதைக் கட்டத் தேவையான அத்தனையும் சரியான பதிப்பில் அங்கே இருக்கின்றன என்பது. லெப்டொப்பை மாற்றி இன்ஸ்டால் செய்யச் சொல்லவில்லை. கன்டெய்னர்களை (உங்கள் சிஸ்டத்துக்குள் ஒதுங்கி ஓடும் இன்னொரு சிஸ்டம்) ஓட்டும் பாட்மேன் 22.04 களஞ்சியத்திலேயே இருக்கிறது, அதன் மேல் டிஸ்ட்ரோபாக்ஸ் போட்டால் டெபியன் 13 ஒரு கன்டெய்னராக, உங்கள் ஹோம் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே, கிம்ப்பின் ஜன்னலையும் உங்கள் திரையிலேயே திறந்துகொண்டு ஓடும். அங்கே என்ன கொட்டிக் கவிழ்த்தாலும் மச்சானின் கடைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும், உள்ளே கட்டியதை உள்ளேதான் ஓட்டவேண்டும், வெளியே 22.04-இல் கிளிக் செய்தால் லைப்ரரி இல்லை என்று கத்தும்.

உள்ளே போனதும் செய்யவேண்டியது, ஆப்ட்டின் சோர்ஸஸ் கோப்பில் டைப்ஸ் என்ற வரியில் டெப் மட்டும் இருக்கும், பக்கத்தில் டெப்-எஸ்ஆர்சி சேர்ப்பது. பிறகு "ஆப்ட் அப்டேட்", "ஆப்ட் பில்ட்-டெப் கிம்ப்". அவ்வளவுதான். நீங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் தேடி அலைந்த பேக்கேஜ்கள் ஒரே கட்டளையில் வந்து இறங்கும். டெபியன் ஆட்கள் அந்தப் பட்டியலை ஏற்கனவே எழுதி வைத்துவிட்டார்கள், நாம் ஏன் மறுபடி எழுதவேண்டும்? இதே தந்திரம் இங்க்ஸ்கேப், கிருத்தா, லிப்ரே ஆஃபிஸ் எதற்கும் செல்லும். 3.0-இலும் பிந்திய கிம்ப் வேண்டுமென்றால் பாபல், ஜெகல் இரண்டை மட்டும் மேலே சொன்னபடி தனி ஃபோல்டரில் கட்டினால் பெரும்பாலும் போதும்.

டேட்டா கணக்கு. அக்கரைப்பற்றிலும் ஒலுவிலிலும் மட்டுமில்லை, இங்கே கல்லடியிலும் பகல் டேட்டாவைக் கம்பைலுக்கு எரிக்க யாராலும் முடியாது, இரவு டேட்டாதான் கதி. ஆகவே இறக்குவதையும் கட்டுவதையும் பிரியுங்கள். பில்ட்-டெப் கட்டளையோடு டவுன்லோட்-ஒன்லி சேர்த்தால் பேக்கேஜ்களை இறக்கி மட்டும் வைக்கும், போடுவதைக் காலையில் நெட் இல்லாமல் செய்யலாம். டெபியனின் கன்டெய்னர் பிம்பத்தில் (கன்டெய்னர் உருவாக இறக்கும் மூலப் பொதியில்) ஆப்ட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் டாக்கர்-கிளீன் என்று ஒரு கோப்பு இருக்கும், அது போட்டு முடித்த பேக்கேஜ்களை உடனே அழித்துவிடும். அந்தக் கோப்பை முதலிலேயே நீக்கிவிடுங்கள். அப்புறம், இறக்கியதும் போடுவதற்கு முன்பே, ஆப்ட்டின் ஆர்கைவ்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்ட்ரைவில் நகல் எடுத்தால், ஹொஸ்டலில் இன்னும் நாலு பேருக்கு அந்த டேட்டா மிச்சம். சோர்ஸுக்கு கிட் குளோன் (முழு வரலாற்றோடு நகல்) செய்யாதீர்கள். பாதியில் சிக்னல் போனால் குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது, தொடக்கத்திலிருந்துதான். தவிர கிம்ப்பின் சில தரவுகள் தனி சப்மொடியூலில் (இணைத்து வைத்த இன்னொரு கிட் களஞ்சியத்தில்) இருக்கின்றன, அதை எடுக்க மறந்து மெசன் நிற்பதும் வழக்கம். வெளியீட்டு டார் கோப்பில் எல்லாம் சேர்ந்தே வரும், டபிள்யூகெட்டில் சி ஆப்ஷனோடு இறக்கினால் அறுந்தாலும் தொடரும். குளோன்தான் வேண்டுமென்றால் டெப்த் 1 (வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும்) போட்டு, சப்மொடியூலையும் சேர்த்து எடுங்கள்.

வேறு புரொஜெக்டுகளில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மெசனின் ரேப் என்ற வசதி லைப்ரரி கிடைக்காவிட்டால், சிமேக்கின் ஃபெட்ச்-கன்டென்ட் பல நேரம் தேடாமலேயே, கேட்காமல் நெட்டிலிருந்து இறக்கத் தொடங்கும். ரஸ்ட் மொழி கலந்தவை அதன் கார்கோ என்ற கருவி வழியாக இன்னும் தாராளமாக இறக்கும். மெசனில் ரேப்-மோடை நோ-டவுன்லோட் என்று வைத்தால் இறக்காமல் என்ன குறைகிறது என்று சொல்லி நிற்கும்.

ரேம் 8 ஜிபி கிம்ப்புக்குத் தாராளம், அது பெரும்பகுதி சி. நிஞ்ஜா சும்மா விட்டால் கோர் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி அத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும், பிரவுசரை மூடிவிட்டால் பிரச்சினை இல்லை. இங்க்ஸ்கேப் சி பிளஸ் பிளஸ், அதில் "கில்ட்" என்று ஒரு சொல்லோடு சிசி1பிளஸ் (சி பிளஸ் பிளஸ் கம்பைலர்) செத்துக் கிடந்தால் கோடில் பிழை தேடாதீர்கள், ரேம் தீர்ந்து கர்னல் கொன்றது. ஜே 2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும்) கொடுத்து ஓட்டுங்கள், மெதுவாக முடியும். லிப்ரே ஆஃபிஸை இந்த லெப்டொப்பில் நினைக்கவே வேண்டாம்.

மாரிக்கு நம் பக்கம் கரண்ட் போவது தெரிந்ததுதானே. பற்றரி செத்த லெப்டொப் என்றால் நடுவில் அணைந்துவிடும். நிஞ்ஜா விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் அணையும் நேரத்தில் எழுதிய ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று வெற்றாக நின்று, கடைசியில் லிங்க் செய்யும்போது "ஃபைல் ட்ரங்கேட்டட்" அல்லது "ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்ட்" என்று வரலாம். பிழையில் பெயர் இருக்கும் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி நிஞ்ஜா கொடுங்கள், முழுவதையும் அழிக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், இதை முன்னாலேயே சொன்னால் மேலே உள்ளதைப் படிக்கமாட்டீர்கள் என்றுதான் கடைசிக்கு வைத்தேன். தமிழ் மெனுவைத் திருத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் கம்பைலே தேவையில்லை. அதே டெபியன் 13 கன்டெய்னருக்குள் கிம்ப்பை ஆப்ட்டில் போடுங்கள். சோர்ஸில் பிஓ ஃபோல்டருக்குள் டிஏ.பிஓ என்ற தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு இருக்கிறது, அதைத் திருத்தி "எம்எஸ்ஜிஎஃப்எம்டி" கட்டளையால் கிம்ப் படிக்கும் வடிவமான கிம்ப்30.எம்ஓ என்று மாற்றி, லோக்கேல் ஃபோல்டரில் டிஏ-க்குள் எல்சி-மெசேஜஸில் இருப்பதன் மேல் நகல் எடுத்து, கிம்ப்பை மூடித் திறந்தால் திருத்தம் திரையில் வந்துவிடும். கட்டளையோடு சி ஆப்ஷனையும் சேருங்கள்: மொழிபெயர்ப்பில் சதவீதக் குறி எஸ் போன்றவை (ஓடும்போது வேறு சொல் நிரம்பும் இடங்கள்) விடுபட்டிருந்தால் அங்கேயே பிடித்துவிடும். ப்ளக்-இன் மெனுக்களுக்கு பிஓ-ப்ளக்-இன்ஸ் என்று தனி ஃபோல்டர், தனி எம்ஓ கோப்பு. டெபியன் பிம்பத்தை எடுக்கும்போது ஸ்லிம் என்று முடிவதை மட்டும் எடுக்காதீர்கள், அது இடம் மிச்சம் பிடிக்க லோக்கேல் ஃபோல்டரில் உள்ளவற்றையே போடாமல் தவிர்த்துவிடும், பிறகு தமிழ் ஏன் வரவில்லை என்று ஒரு இரவு போகும்.

கோடையும் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் கம்பைல் செய்யுங்கள், நல்லதுதான், ஆவணம் உருவாக்கும் ஆப்ஷன்களை மட்டும் நிறுத்திவிட்டால் நேரம் மிச்சம். எங்காவது நின்றால் பில்ட் ஃபோல்டரில் மெசன்-லாக்ஸுக்குள் இருக்கும் மெசன்-லாக் கோப்பின் கடைசிப் பகுதியை எழுத்தாகவே அனுப்புங்கள், திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அதில் எதையும் தேட முடியாது. கடையில் 2.10 திறந்ததா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.